கதவைச் சாத்துறவன்

எங்க வீட்டு மாடியில ஒரு விஞ்ஞானி குடியிருக்கான்னு சொன்னா, துணி தைக்கக் குடுக்க வர்றவங்க என்னை ஏற இறங்கப் பார்ப்பாங்க. இந்த ஓட்டைக் கட்டடத்துலயான்னு வாய்விட்டுக் கேக்காத குறைதான். ஆமா, இந்த ஓட்டைக் கட்டடத்துலதான். கீழே முன்னறையில என் கடை. ஜிப்பு மாத்துறது, பேண்ட்டு மடிச்சுத் தைக்கிறது, போன வருஷம் வாங்கின கோட்டு இந்த வருஷம் இடுப்புல பிடிக்குதுன்னா பிரிச்சு விடுறது, இதெல்லாம் என் பொழப்பு. பின்னாடி நானும் எங்க வீட்டுக்காரரும். அவர் டவுன் பஸ் ஓட்டுறவர். மாடியில என் கொழுந்தனாரும் அவர் பொண்டாட்டியும். அதாவது என் ஓரகத்தி. அவதான் அந்த விஞ்ஞானி.

எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மாடியில குழாயைத் திறந்து விட்டுட்டு ஏதோ யோசனையில உக்காந்து, என் கடைச் சுவத்தை ஊற வெச்ச புண்ணியவதி அவ. நானும் வாயைக் கட்டி வெக்கிற ரகம் இல்ல. ஆனா சாயந்திரம் ஆனா "அக்கா, டீ இருக்கா"ன்னு இறங்கி வந்துடுவா. அவ்வளவு படிச்சவ வாயில அந்த "அக்கா"வைக் கேட்டா எனக்கு எந்தக் கோபமும் நிக்காது.

அவ வேலை என்னன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். அவளே சொல்லிக் குடுத்திருக்கா. நம்ம உடம்புல இருக்கிற ஒவ்வொரு உயிரணுவுக்கும் மேல தோல் மாதிரி ஒரு மெல்லிசு சவ்வு. அந்தச் சவ்வு முழுக்க, கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிக் கதவு. உப்பு தண்ணியில கரைஞ்சா, அது மின்சாரம் ஏறின துகளாப் பிரிஞ்சு நிக்குமாம். அதுக்குப் பேர் அயனி. அந்த அயனி உள்ளே போறதும் வெளியே வர்றதும் இந்தக் கதவு வழியாத்தான். கதவு திறந்து மூடுறதாலதான் நெஞ்சு அடிக்குது, விரல் மடங்குது, ஊசி குத்தினா ஐயோன்னு கத்துறோம். அந்தக் கதவை எது திறக்குது, எது மூடுதுன்னு பாக்குறதுதான் இவ வேலை. எங்க வீட்டுக்காரர் அவளுக்குக் கதவு டீச்சர்னு பேர் வெச்சிட்டார். தெருவுல பாதிப் பேருக்கு அவ நிஜப் பேர் தெரியாது.

அவ ஆராய்ச்சிக்கூடத்தை நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கேன். சும்மா இல்ல, வேலைக்குத்தான் போனேன். அவ மேசையைச் சுத்திக் கம்பி வலையில ஒரு கூண்டு இருக்கும். அதுக்கு முன்னாடி தொங்குற கறுப்புத் திரை நான் தைச்சது. மேசைக்கு அடியில காத்தடிச்ச பை. பக்கத்து அறையில எவனாவது நாற்காலியை இழுத்தாக்கூட மேசை ஆடக்கூடாதாம். நடுவுல ஒரு மைக்ராஸ்கோப். அதுக்குக் கீழ சின்னத் தட்டுல உயிரணு. அதைத் தொடுறதுக்குக் கண்ணாடியில ஒரு ஊசி. தையல் ஊசி எல்லாம் அதுக்கு முன்னாடி கடப்பாரை.

அந்த ஊசிக்கு உள்ளே ஓட்டை, அதுல ஒரு சொட்டு உப்புத் தண்ணி. பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய். ஊசி நுனி உயிரணுவைத் தொட்டதும், குழாயை வாயில வெச்சு லேசா உறிஞ்சணும். அந்தச் சவ்வு கண்ணாடியோட கப்புன்னு ஒட்டிக்கும். இன்னொரு உறிஞ்சு உறிஞ்சினா அந்த இடத்துல சவ்வு திறந்துக்கிட்டு, ஊசிக்குள்ள இருக்கிற தண்ணியும் உயிரணு உள்ளே இருக்கிறதும் ஒண்ணாக் கலந்துடும். அப்போ பக்கத்துல இருக்கிற கம்ப்யூட்டர் திரையில ஒரு கோடு ஓடும். கதவெல்லாம் திறந்திருந்தா கோடு உயரத்துல நிக்கும். மூடிக்கிட்டா இறங்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். இதுக்கு ஒரு ஆயுசு.

கல்யாணத்துக்கு முன்னாடியே அவ ஒண்ணைக் கண்டுபிடிச்சா. கோடு முதல்ல நல்ல உயரத்துல நிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு, யாரும் எதுவும் செய்யாமலே மெதுவா இறங்க ஆரம்பிக்கும். கதவு ஒண்ணொண்ணா மூடிக்கும். அப்போ உயிரணுவுக்கு உள்ளேயே ஏதோ ஒண்ணு இருக்கு, அதுதான் வந்து சாத்துதுன்னு இவ எழுதினா. அதைப் பெரிய பெரிய இடத்துல எல்லாம் போட்டாங்க. இவளுக்கு வேலை நிரந்தரமாச்சு, தனி அறை கிடைச்சது, மாணவங்க வந்தாங்க. ஆனா அந்தச் சாத்துற பொருள் எதுன்னு மட்டும் பிடிபடல. இருபது வருஷத்துக்கு மேல தேடுறா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடும்போது, எங்க வீட்டுக்காரர் தட்டுல கை வெக்கிறதுக்கு முன்னாடி கேப்பார்:

"என்ன டீச்சர், சாத்துறவன் சிக்கினானா?"

"இன்னும் இல்ல மாமா" என்பா. அப்புறம்தான் சாப்பாடு.

இப்போ என் கொழுந்தனாரைப் பத்திச் சொல்லணும். அவர் முதல்ல பெயர்ப்பலகை விளக்குக் கடையில இருந்தவர். ராத்திரியில கடை வாசல்ல சிவப்பா நீலமா எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாயை நெருப்புல காட்டி எழுத்தா வளைக்கிற வேலை. அப்புறம் அவ ஆராய்ச்சி நிலையத்துலயே கண்ணாடி ஊதுறவரா சேர்ந்தார். அந்தக் காலத்துல கடையில வாங்குற கண்ணாடி உயிரணுவுல சரியா ஒட்டாதாம். இவ அழாத குறையா வந்து நின்னிருக்கா. இவர் பழைய விளக்குக் கடைக் குழாய், ஈயம் கலந்த கண்ணாடி, அதை எடுத்து உருக்கி மெல்லிசு குழாயா இழுத்துக் குடுத்திருக்கார். தொட்டதும் ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் இவங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க. நான் இதைச் சொன்னா இன்னைக்கும் மனுஷனுக்குக் காது சிவந்துடும்.

வேற ஊர்ல இருந்து சில பேர் எழுதுவாங்களாம், நாங்க செஞ்சு பார்த்தோம், எங்களுக்குக் கோடு இறங்கலையேன்னு. இவ பதில் எழுத மாட்டா. நேரா இவர்கிட்ட சொல்லுவா. இவர் தன் கண்ணாடியில ஒரு கட்டு எடுத்து, என் கடையில வந்து துண்டுத்துணி வாங்கிப் பொத்திப் பொத்திச் சுத்தி அனுப்புவார். கொஞ்ச நாள்ல அவங்க கிட்ட இருந்து சேதி வரும். இப்போ எங்களுக்கும் இறங்குது, ரொம்ப நன்றின்னு. அன்னைக்கு இவரைப் பிடிக்க முடியாது. ஜிப்பு மாத்த வந்தவனை எல்லாம் நிறுத்தி வெச்சு, "என் கண்ணாடி இல்லாட்டிக் கதவும் இல்ல, சாத்துறதும் இல்ல"ன்னு அளப்பார். அவனவன் தலையெழுத்தேன்னு கேட்டுட்டுப் போவான்.

போன வருஷம் இவருக்குக் கை நடுக்கம் வந்துடுச்சு. டீ டம்ளரைப் பிடிச்சா தளும்பும். வேலையை விட்டுட்டார். கொல்லைப்புறத்துல தகரக் கொட்டாய் போட்டு, தன் அடுப்பு, இடுக்கி எல்லாம் கொண்டு வந்து வெச்சிருக்கார். நெருப்பு மூட்டுறதில்ல. துடைச்சுத் துடைச்சு வெப்பார், அவ்வளவுதான். அவருக்குன்னு மிச்சம் இருந்தது அந்தப் பெருமை ஒண்ணுதான்.

இந்த வருஷம் அவ ஓய்வு பெறுறா. பெரிய விழா. அவ கடைசிச் சொற்பொழிவு, அப்புறம் இவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, இவர் கண்ணாடியை ஒரு கண்ணாடிப் பெட்டியில வெச்சு வாசல் கூடத்துல வெக்கப் போறதா ஆராய்ச்சி நிலைய இயக்குநரே வீட்டுக்கு வந்து சொன்னார். என் கொழுந்தனார் அன்னைக்கே விழாவுக்குப் போடுற கோட்டைக் கொண்டு வந்து என் மேசையில போட்டார். "அண்ணி, தோள்ல கொஞ்சம் இறக்கமா இருக்கு, பாருங்க." தோள்ல ஒண்ணும் இல்ல. மனுஷன்தான் இளைச்சிருந்தார்.

அப்போதான் மழை பிடிச்சுது. நாள் முழுக்க நசநசன்னு. துணி காயல, கடையில கூட்டமும் இல்ல. ஒரு சாயந்திரம் நான் அடுப்படியில பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தேன். இவ வந்து எதிர்ல உக்காந்து, கேக்காமலே ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பிச்சா. தோலைக் கிண்ணத்துலயும் பட்டாணியைக் குப்பையிலயும் போட்டுக்கிட்டு இருந்தா.

"அம்மாடி, உனக்குப் புண்ணியமாப் போகும், விட்டுடு. என்ன ஆச்சு உனக்கு? பத்து நாளாப் பேயறைஞ்ச மாதிரி திரியுறே."

"அக்கா, சாத்துறவன் யாருன்னு தெரிஞ்சு போச்சு."

நான் துள்ளிட்டேன். "அடிப் பாவி! அதைச் சொல்றதுக்கா இந்த மூஞ்சி? இரு, உங்க மாமாவைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடாதீங்க." என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அப்படி ஒருத்தனே இல்லக்கா. கண்ணாடிதான்."

"எந்தக் கண்ணாடி?"

"உங்க கொழுந்தனார் கண்ணாடி."

எனக்கு ஒண்ணும் ஓடல. அவ மெதுவாச் சொன்னா. ஆராய்ச்சிக்கூடத்துல இவர் இழுத்த குழாய் தீர்ந்து போச்சு. கேட்டா இந்த நடுங்குற கையோட இழுக்க உக்காந்துடுவார், பாவம்னு, இவ சொல்லாமக் கொள்ளாமக் கடைக் கண்ணாடி வாங்கியிருக்கா. இப்போ வர்ற கடைக் கண்ணாடி நல்லாவே ஒட்டுதாம். ஒட்டினா என்ன, கோடு இறங்கவே இல்ல. உயரத்துல அப்படியே நின்னுக்கிட்டு இருக்கு.

"என் கைதான் போச்சுன்னு நினைச்சேன். வயசாச்சு, கண்ணு மங்கிடுச்சு, ஏதோ தப்பு பண்றேன்னு. அப்புறம் ஒரு நாள் திடீர்னு தோணுச்சு. இவரோட பழைய உடைஞ்ச ஊசி கொஞ்சம் டப்பாவுல கிடந்துச்சு. அதைப் பொடிச்சு, உள்ளே ஊத்துற உப்புத் தண்ணியில ஊறப் போட்டேன். மறுநாள் அந்தத் தண்ணியைக் கடைக் கண்ணாடியில ஊத்திப் பார்த்தேன்."

"பார்த்து?"

"கோடு இறங்குச்சுக்கா. அப்படியே, அதே மாதிரி, அழகா இறங்குச்சு."

கண்ணாடி தண்ணியில கரையுமான்னு எனக்கு ஆச்சரியம். துளியூண்டு கரையுமாம். அந்த ஊசிக்குள்ள இருக்கிற சொட்டுக்கு அந்தத் துளி போதுமாம். ஈயமோ வேற ஏதோ, அது உயிரணுவுக்குள்ள போய்க் கதவுல உக்காந்துக்குது.

"அப்போ வெளியூர்க்காரங்களுக்கு இறங்குச்சே?"

"அவங்களுக்கு இறங்கலன்னு எழுதுனதும் நான் என்ன பண்ணேன்? உங்க கைப்பக்குவம் போதாது, இந்தாங்க நல்ல கண்ணாடின்னு இதையே அனுப்பி வெச்சேன். அவங்களும் நம்பிட்டாங்க. இருபது வருஷமா நோயையே மருந்துன்னு பார்சல் கட்டி அனுப்பியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தா. சிரிப்பு வரல.

நான் சொல்றதைச் சொல்லித்தானே ஆகணும். "இதோ பாரு. உனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு அங்கே? வாயை மூடிக்கிட்டு சொற்பொழிவைப் பேசிட்டு, மாலையைப் போட்டுக்கிட்டு வந்து சேரு. யாரும் கேக்கப் போறதில்ல. அந்த மனுஷன் கோட்டை எத்தனை தடவை போட்டுப் பார்க்கிறார் தெரியுமா? இதைக் கேட்டா உடைஞ்சு போயிடுவார்."

"அதுதான்க்கா எனக்கும் கவலை. என் பேர் போனாப் போகட்டும். அவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்லாதே."

"குட்டைமுடி அங்கே உக்காந்து சாத்துறவனைத் தேடிக்கிட்டு இருக்காளே."

குட்டைமுடி அவளோட பழைய மாணவி. படிக்கிறப்போ பாதி நாள் எங்க வீட்லதான் சாப்பாடு. இப்போ வேற ஊர்ல சொந்தமா ஆராய்ச்சிக்கூடம் வெச்சு, கல்யாணம் காட்சின்னு எதையும் நினைக்காம, அந்தச் சாத்துற பொருளைப் பிரிச்செடுக்கிறேன்னு கிடக்கிறா. எங்க வீட்டுச் சோறு தின்ன பொண்ணு.  பட்டாணியைக் குப்பையில இருந்து பொறுக்கி எடுத்துக் கழுவினேன்.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு டியூட்டி. நாங்க மூணு பேர்தான். சாப்பிட்டு முடிச்சதும் இவ சொல்லிட்டா. சுத்தி வளைக்கல, பூசி மெழுகல. எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னா. என் கொழுந்தனார் கேட்டுக்கிட்டே ரொட்டித் துண்டைச் சின்னச் சின்னதாப் பிய்ச்சுப் போட்டுக்கிட்டு இருந்தார்.

"நான் நல்ல கண்ணாடிதான் குடுத்தேன்" என்றார்.

"நல்ல கண்ணாடிதான். நான்தான் கேக்காம விட்டேன். முதல் நாளே வேற கண்ணாடியில பார்த்திருக்கணும். அது ஒட்டல, இது ஒட்டுச்சு. ஒட்டின சந்தோஷத்துல..."

"பழியைத் தூக்கி என் கண்ணாடி மேல போடாதே."

அவ்வளவுதான் பேசினார். எழுந்து கொட்டாய்க்குப் போயிட்டார். தகரத்து மேல மழை கொட்டுது, உள்ளே மனுஷன் கூட்டுற சத்தம் கேக்குது. இருக்கிற குப்பையைக் கூட்டினாரா, இல்லாத குப்பையைக் கூட்டினாரா தெரியல. அதுக்கப்புறம் மாடியில பேச்சே இல்ல. உப்பு எங்கே, குடை எங்கே, அத்தோட சரி. அவ என் கடையில வந்து உக்காந்து பட்டனைக் கலர் கலராப் பிரிச்சு வெப்பா. நான் ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே தைப்பேன்.

மழை விட்ட அன்னைக்குக் காலையில கொழுந்தனார் கடைக்கு வந்தார். இவளும் அங்கேதான் இருந்தா. அவளைப் பார்க்காம என்னைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணி, அவகிட்ட சொல்லுங்க. கொட்டாய்ல என் கண்ணாடி ஒரு கட்டு இருக்கு. கடைக் கண்ணாடியும் வெச்சுக்கட்டும். ரெண்டுலயும் ஊசி நானே செய்வேன். ஊசியை நானே மாட்டி விடுவேன். எது எதுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தெரியாம அவ சொல்லட்டும் பார்ப்போம், எது இறங்குது, எது இறங்கலன்னு."

"ஏன், நேரா அவகிட்டயே சொல்றது? இதோ ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கா."

"நீங்களும் வாங்க அண்ணி. சாட்சிக்கு."

இவ பட்டனைக் கீழே வெச்சா. "சரி" என்றா. அவ முகத்துல ஒரு வாரமா இல்லாத ரத்தம் வந்துச்சு. விஞ்ஞானி புத்தி போகுமா? அவளே அதைத்தான் அடுத்துச் செய்ய நினைச்சிருந்தாளாம்.

ரெண்டு சின்னப் பெட்டி எடுத்தோம். நான் ஒண்ணுக்குக் கறுப்புப் பட்டன், ஒண்ணுக்கு வெள்ளைப் பட்டன், மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். கறுப்பு அவர் கண்ணாடி. வெள்ளை கடைக் கண்ணாடி. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். மூணு பேரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனோம். அங்கே ஊசி இழுக்கிற யந்திரத்துல குழாயை மாட்டினா, நடுவுல சூடாகி, ரெண்டு பக்கமும் இழுத்து, ரெண்டு ஊசியாப் பிரிஞ்சு வருது. மனுஷன் வலது கை மணிக்கட்டை இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்து வெச்சார். ஒண்ணுகூட உடையல. 

அவ சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிப்பா. இவர் ஊசியை மாட்டுவார், நாங்க ரெண்டு பேரும் கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் வந்துடுவோம். அப்புறம் அவ உக்காருவா. குழாயை வாயில வெச்சு உறிஞ்சுறது கேக்காது. ஆனா ஒட்டினதும் "ம்" என்பா. அதுக்கப்புறம் காத்திருக்கணும். நான் ஒரு பேண்ட்டு கொண்டு போயிருந்தேன், அதை மடிச்சுத் தைச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல் ஊசி கறுப்புப் பெட்டி.

"இறங்குது" என்றா உள்ளே இருந்து.

அடுத்தது வெள்ளை. ரொம்ப நேரம் ஆச்சு. "நிக்குது. அப்படியே நிக்குது."

அவர் முகத்துல ஒண்ணும் தெரியல. அடுத்து வெள்ளையே வெச்சார். நிக்குதுன்னா. மறுபடியும் வெள்ளை. நிக்குதுன்னா. பிறகு கறுப்பு. நானே வேண்டிக்கிட்டேன், இந்த ஒரு தடவை நிக்கட்டும் சாமின்னு. "இறங்குது"ன்னு அவ சொன்ன குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. அப்படியே பெட்டியில ஒரே ஒரு ஊசி மிச்சம் ஆகுற வரைக்கும். ஒண்ணுகூடத் தப்பல.

கடைசி ஊசிக்கு முன்னாடி, டீ குடிக்கலாம்னு அவரை நான்தான் வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துட்டு வந்தேன். யந்திரத்துல இருந்து வர்ற டீ, வாயில வெக்க விளங்கல. சுத்திலும் யாரும் இல்ல.

"கொழுந்தனாரே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பட்டன் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மாத்திச் சொல்லிடுங்க. இல்ல, கலந்து போச்சுன்னு சொல்லுங்க. அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் மரியாதை. நான் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் டீயையே பார்த்துக்கிட்டு இருந்தார். 

"இங்கே வர்ற வழியெல்லாம் அதைத்தான் அண்ணி நினைச்சேன். சொன்னா நம்பிடுவா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா. நான் சொன்னேன்னா நம்பிடுவா." கப்பைக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு, "அதுதான் பயமா இருக்கு" என்றார்.

உள்ளே போனோம். கடைசி ஊசியும் ஆச்சு. கறுப்பு. இறங்குச்சு. அவ திரையை விலக்கிக்கிட்டு வெளியே வந்து நின்னா. பரீட்சை எழுதிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பொண்ணு மாதிரி அவர் முகத்தைப் பார்த்தா. நான் பேண்ட்டை மடியில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். 

அவர் ரெண்டு பெட்டியையும் மூடியைத் திறந்து அவ முன்னாடி வெச்சார். "கறுப்பு என்னுது. நீ சொன்னது எல்லாமே சரி. எது இறங்குச்சோ அது எல்லாம் என்னுது."

அவ வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. ஜெயிச்சதுக்கு அப்படி அழுத ஆளை நான் பார்த்ததே இல்ல.  அவர் கம்ப்யூட்டர் திரையில இறங்கிக் கிடந்த கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஒட்டுறது மட்டும் நல்லா ஒட்டுச்சு, இல்ல?"

"கடைசி ஊசி வரைக்கும்" என்றா அவ, மூக்கை உறிஞ்சிக்கிட்டே.

அன்னைக்கே குட்டைமுடிக்கு ஃபோன் போட்டா. நானும் பக்கத்துல இருந்தேன். முழுசாக் கேட்டுட்டு அந்தப் பக்கத்துல இருந்து "ஏன் மேடம் எனக்கும் அதே கண்ணாடியைக் குடுத்தீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி. ஃபோன் கட்டாயிடுச்சு. இவ அன்னைக்கு எதுவும் சாப்பிடல. மறுநாள் காலையில அந்தப் பொண்ணே கூப்பிட்டு, கண்ணாடியை எவ்வளவு பொடியா இடிக்கணும், எவ்வளவு தண்ணியில ஊற வெக்கணும்னு கேட்டா. குரல்ல இன்னும் கோபம் இருந்துச்சு. கோபப்படட்டும், அவ கோபம் நியாயம்தான்.

விழா அன்னைக்குக் கூடம் நிரம்பி வழிஞ்சுது. கொழுந்தனார் வர மாட்டார்னுதான் நான் நினைச்சேன். நான் தோளைப் பிடிச்சுத் தைச்ச அந்தக் கோட்டையே போட்டுக்கிட்டு முதல் வரிசையில வந்து உக்காந்தார். எங்க வீட்டுக்காரர் டியூட்டியில இருந்து நேரா வர்றேன்னுட்டு, வழக்கம்போல எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்து சேர்ந்தார்.

அவ மேடையில நின்னு ரெண்டே கோடு காட்டினா. ஒண்ணு இறங்குற கோடு, ஒண்ணு நிக்குற கோடு. எது எதால வந்துச்சுன்னு சொன்னா. "இவ்வளவு வருஷம் நான் எழுதினதுல இந்தப் பகுதி தப்பு. இதை நம்பி வேலை செஞ்சவங்ககிட்ட மன்னிப்பு கேக்குறேன். அந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது நானும் என் வீட்டுக்காரரும். தப்புன்னு கண்டுபிடிச்சதும் நானும் என் வீட்டுக்காரரும்." கை தட்டுறதா வேணாமான்னு ஜனங்களுக்குத் தெரியல. இயக்குநர் மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்புறம் பின்னாடி இருந்து ஒருத்தன் கேள்வி கேட்டான், இன்னொருத்தன் கேட்டான், எத்தனை பேர் இனி தங்கள் கண்ணாடியை ஊறப் போட்டுப் பார்க்கணும்னு பேச்சு கிளம்பிடுச்சு. அவளும் மேசையில சாய்ஞ்சு நின்னுக்கிட்டு பதில் சொல்லிக்கிட்டே இருந்தா, என்னமோ நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தவ மாதிரி.

வாசல்ல அந்தக் கண்ணாடிப் பெட்டி. இயக்குநர் ஆளை விட்டு அவசரமா எடுக்கச் சொல்லிட்டார். என் கொழுந்தனார் குறுக்கே போய் நின்னார்.

"இருக்கட்டும் சார். கீழே மட்டும் ஒரு வரி எழுதிடுங்க, இதை யாரும் பயன்படுத்தாதீங்கன்னு."

அவர் விளையாட்டாச் சொல்றார்னு இயக்குநர் சிரிச்சார். இவர் சிரிக்கல. இப்பவும் அந்தப் பெட்டி அங்கேதான் இருக்கு, அந்த வரியோட.

வீட்டுக்கு வந்து நாலு பேரும் சாப்பிட உக்காந்தோம். காலையிலயே வேக வெச்ச முட்டை, வதக்கின பட்டாணி, ரொட்டி. எல்லாருக்கும் பசி. எங்க வீட்டுக்காரருக்கு விஷயம் அரைகுறையாத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்லத் தூங்கிப் போற மனுஷன் அவர். பழக்க தோஷம், தட்டுல கை வெக்கிறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கிட்டார்.

"என்ன டீச்சர், சாத்துறவன் சிக்கினானா?"

நான் மேசைக்கு அடியில அவர் காலை மிதிச்சேன். மிதிச்சு என்ன பிரயோஜனம்? கேட்டது கேட்டதுதான். அவ தட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டா. 

கொழுந்தனார் ரொட்டியைக் கீழே வெச்சார்.

"சிக்கிட்டான்ணே" என்றார். "நான்தான்."

அவ நிமிர்ந்து அவரைப் பார்த்தா. அழப் போறாள்னு நினைச்சு நான் எழுந்தே நின்னுட்டேன். அவ சிரிச்சா. முதல்ல மூக்கால, அப்புறம் வாய்விட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

"வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு உலகம் பூராத் தேடியிருக்கேன் மாமா" என்றா.

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்து முழிச்சார். நான் அவர் தட்டுல பட்டாணியைப் போட்டு, பேசாமச் சாப்பிடுங்கன்னேன். எதிர்ல என் கொழுந்தனார் நடுங்குற கையால முட்டையை உரிச்சு, ஓடு ஒட்டியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு, அவ தட்டுல வெச்சார்.